பழைய எம்416 இராணுவ டிரெய்லரைச் சீரமைத்து ஆஃப்-ரோடு பயணத்துக்கு ஆயத்தப்படுத்துவது: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க இராணுவத்தின் கால் டன் டிரெய்லர், ஜீப்போடு கூடப் பிறந்தது. 1940இல் முதல் ஜீப் மாதிரியைச் செய்து கொடுத்த நிறுவனம், பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரில் இருந்த அமெரிக்கன் பேண்டம் கார் கம்பெனி. ஆனால் பெரிய அளவிலான ஜீப் ஒப்பந்தங்கள் வில்லிஸ்-ஓவர்லேண்டுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டன. பேண்டம் அந்த ஜீப்புகள் இழுப்பதற்கான டி3 என்ற டிரெய்லரைச் செய்தது. நீரில் மிதக்கும்படி ஒழுகாமல் பற்றவைத்த எஃகுத் தொட்டி, ஒற்றை அச்சு, இரு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், முன்னால் ஓர் இரும்பு வளையம் என்பதுதான் அதன் அமைப்பு. எம்38 ஜீப்புக்காக வந்த எம்100, 1960களில் எம்151 ஜீப்புக்காக வந்த எம்416 ஆகிய இரண்டும் இதே அமைப்பின் வழித்தோன்றல்கள். படையிலிருந்து கழிக்கப்பட்ட எம்416 டிரெய்லர்கள் இன்றும் அமெரிக்காவின் பண்ணைகளிலும் பழைய இரும்புக் கிடங்குகளிலும் அரசு உபரிப் பொருள்களைக் கைமாற்றும் ஏலங்களிலும் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி, மலைப்பாதையிலும் பாலைவனத்திலும் நம்பி இழுத்துச் செல்லத்தக்கதாக மாற்றுவது எப்படி என்பதை இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது.

ஒரு கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லா முடிவுகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. இது கால் டன், அதாவது 500 பவுண்டு அல்லது 227 கிலோ சரக்கைக் கரடுமுரடான நிலத்தில் சுமப்பதற்கென வடிவமைக்கப்பட்ட வண்டி. காலியாக ஏறக்குறைய 260 கிலோ எடையுள்ளது. பெரும்பாலானோர் இதன் மேல் கூடாரம், தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி என்று ஏற்றிக்கொண்டே போய், இராணுவம் என்ற பெயர் எதையும் தாங்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். எடையைப் பற்றிய ஒழுக்கம் இல்லாமல் செய்யப்படும் எந்த மாற்றமும் இந்த வண்டியைப் பலவீனப்படுத்தும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தொட்டியின் வெளிப்புறம் எவ்வளவு நசுங்கியிருந்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். டிங்கரிங் வேலையில் அதைச் சரிசெய்துவிடலாம். பார்க்க வேண்டியது அடிப்பகுதி. இலையும் மண்ணும் பல ஆண்டுகள் ஈரத்தோடு தங்கிய தொட்டி மூலைகள், தரையிலுள்ள வடிகால் துளைகளைச் சுற்றிய தகடு, ஸ்பிரிங் தாங்கிகள் சேஸிஸோடு சேரும் இடம் ஆகியவற்றில்தான் துரு உள்ளேயிருந்து அரித்திருக்கும். ஒரு கூரான சுத்தியலால் அந்த இடங்களை மெல்லத் தட்டிப் பாருங்கள்: நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக ஒலித்து உள்வாங்கும். தொட்டித் தரையில் ஒட்டுப் போடுவது எளிது. சேஸிஸ் நெடுந்தண்டு அரித்திருந்தாலோ வளைந்திருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

மாட்டு வண்டியின் ஏர்க்காலைப் போல முன்னால் நீண்டு இழுவளையத்தில் முடியும் தண்டை இனி ஏர்க்கால் என்றே குறிப்பிடுகிறேன். அது சேஸிஸோடு சேரும் இடத்தில் கம்பி பிரஷ்ஷால் பெயிண்டைத் தேய்த்துவிட்டு மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளையத்தின் உள்விளிம்பில் ஒரு பக்கம் தேய்ந்து ஒல்லியாகியிருந்தால் வளையத்தை மாற்ற வேண்டும். தொட்டியின் மேல் திருகியிருக்கும் விவரத் தகட்டில் மாதிரியின் பெயர், வரிசை எண், தயாரிப்பாளர் பெயர் முதலியன இருக்கும். இதன் மதிப்பை விற்பவர்கள் பல நேரம் உணர்வதில்லை. தகடு இல்லாத வண்டியைப் பதிவுசெய்வது கூடுதல் அலைச்சல்.

கையில் கிடைத்தது எம்416 அன்றி இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பேண்டம் டி3 அல்லது வில்லிஸ் டிரெய்லராக இருந்தால், தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். அதைப் பழைய நிலைக்கே மீட்டெடுக்கும் ஆர்வலர்களிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் ஓர் எம்416 வாங்கிக்கொள்ளலாம். அவ்வகைப் பழைய வண்டிகளில் போல்ட் போட்டு இணைத்த இரட்டைப் பாதி ரிம்கள் இருக்கக்கூடும்; அவற்றின் காற்றை முழுமையாக இறக்கி, வால்வு ஊசியையும் கழற்றிய பிறகே ரிம்மின் போல்ட்டுகளைத் தொட வேண்டும். காற்றோடு பிரிக்கப்பட்ட இரட்டை ரிம் உயிரைப் பறிக்கும்.

ஆவணங்களைப் பற்றி ஒரு சொல். அரசிடமிருந்து நேரடியாக விற்கப்பட்ட வண்டிக்கு எஸ்எஃப்-97 என்ற படிவம் உண்டு. வாங்கியவர் தம் மாநிலத்தில் உரிமைச் சான்று பெறுவதற்கான அரசுச் சான்றிதழ் அது. கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளில் பெரும்பாலும் அது தொலைந்திருக்கும். அப்போது விற்பனைச் சீட்டு, விவரத் தகட்டின் புகைப்படம், எடைச் சீட்டு ஆகியவற்றோடு மாநில வாகனத் துறையை அணுகி, அவர்கள் கேட்கும் ஆய்வுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் மாநிலத்து நடைமுறையைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

எடைக் கணக்கை முதலில் எழுதுங்கள்

ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன் ஒரு தாளில் ஏற்றப்போகும் பொருள்களின் எடையை எழுதுங்கள். மெத்தையோடு கூடிய மேற்கூடாரம் 60 கிலோ. அதைத் தாங்கும் சட்டமும் மூடியும் 40. 60 லிட்டர் தண்ணீர் 60. உணவோடு குளிர்பெட்டி 35. ஒரு 20 லிட்டர் எரிபொருள் கேன் 20. எரிவாயு சிலிண்டர் 15. லித்தியம் பேட்டரி 12. கூட்டினால் 242 கிலோ வருகிறது. அடுப்பு, கருவிப் பெட்டி, உடைகள், ஸ்டெப்னி ஆகிய எதையும் சேர்ப்பதற்கு முன்பே வண்டியின் அளவு தாண்டிவிட்டது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கூடாரத்தைத் தரையில் அடித்துக்கொண்டு, தண்ணீரைப் பாதியாக்கி, மூல அளவுக்குள் நிற்பது ஒன்று. அச்சு, ஸ்பிரிங், ஏர்க்கால் மூன்றையும் வலுப்படுத்திக் கூடுதல் எடைக்கு ஏற்றதாக்குவது மற்றொன்று. இரண்டாம் வழியிலும் சேஸிஸும் தொட்டியும் பழையவைதாம் என்பதை மறக்கக் கூடாது. என் மதிப்பீட்டில், நன்றாக வலுப்படுத்தப்பட்ட எம்416கூட முழுச் சுமையோடு 600 கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இழுக்கும் வண்டியின் வரம்பு வேறு கணக்கு: ஜேகே வகை ஜீப் ராங்லரில் இரண்டு கதவு வண்டிக்கு 2,000 பவுண்டும், நான்கு கதவு வண்டிக்கு 3,500 பவுண்டும் உச்ச வரம்பு. அந்த எண்களைப் பார்த்து டிரெய்லரை நிரப்புவது தவறு, ஏனென்றால் அவை நல்ல சாலையை நினைத்துச் சொல்லப்பட்டவை.

பிரித்தல், பெயிண்ட், துரு

டிரெய்லரை நான்கு உறுதியான தாங்கிகள் மேல் நிறுத்தி, சக்கரம், ஹப், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், அச்சு, வயரிங் என்ற வரிசையில் பிரிக்கலாம். துருப்பிடித்த நட்டுகளில் முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பழைய ஜீப் வகை ஹப்புகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கர போல்ட்டுகள் இடக்கை மரை கொண்டவை. நட்டு அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டுவதற்கு முன், போல்ட் முனையில் எல் என்ற எழுத்து அடித்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டுகளை வெட்டியே எடுத்துவிடலாம். ஒருமுறை முறுக்கி நீண்ட யூ போல்ட் மறுமுறை அதே பிடிப்பைத் தராது என்பதால் அவற்றை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து வருவது இந்த வேலையிலேயே ஆபத்தான பகுதி. மிகக் குறைவாக எச்சரிக்கப்படுவதும் இதுதான். பழைய இராணுவப் பெயிண்டுகளிலும் பிரைமர்களிலும் ஈயமும் குரோமேட்டும் உண்டு. 1980களிலிருந்து அமெரிக்க இராணுவம் பயன்படுத்திய, இரசாயனப் போர்ப் பொருள்களை எதிர்க்கும் பாலியூரித்தேன் பூச்சு பழைய எம்416கள் பலவற்றின் மேல் அடுக்காக ஏறியிருக்கிறது. இவற்றைக் கிரைண்டரால் தேய்த்தால் நச்சுத் தூசியும், வெல்டிங் சூட்டில் எரித்தால் நச்சுப் புகையும் எழும். நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய முகமூடி, கண்ணாடி, கையுறை, வேலைக்கென்றே தனி உடை ஆகியவை கட்டாயம். தூசியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, குழந்தைகள் நடமாடாத இடத்தில் வேலைசெய்யுங்கள். வெல்டிங் செய்யப்போகும் இடத்தைச் சுற்றி ஒரு கையகலத்துக்குப் பெயிண்டை இரசாயன நீக்கியால் முதலில் அகற்றிவிட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பாகத்தில் ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள். வெல்டிங் மின்வில்லின் சூட்டிலும் புறஊதா ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்னும் கொடிய வாயுவாக மாறக்கூடும்.

பெயிண்டை அடுக்கடுக்காக ஈரத்தில் மெல்லத் தேய்த்தால், கீழே பழைய படைப்பிரிவுக் குறியீடுகளும் பதிவெண்களும் தெரியவரலாம். அவற்றைப் புகைப்படமெடுத்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதே இடத்தில் அதே அளவில் மீண்டும் எழுதலாம். வண்டி எங்கே பணிபுரிந்தது என்பதற்கு வேறு சான்று கிடைப்பது அரிது.

துருவை அகற்ற மணல் வீச்சு விரைவான வழி. ஆனால் தட்டையான மெல்லிய தகட்டில் முழு அழுத்தத்தில் மணலை வீசினால் தகடு நெளிந்துவிடும். சேஸிஸுக்கும் அச்சுக்கும் மணல் வீச்சும், தொட்டியின் பக்கங்களுக்குக் கம்பி பிரஷ்ஷும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலும் பொருத்தம். அமிலத்தின் மிச்சத்தைத் தண்ணீரால் கழுவி நன்றாக உலர்த்தாமல் எப்பாக்ஸி பிரைமர் அடித்தால் அது ஒட்டாது. கொக்கி, கீல், சங்கிலி போன்ற சிறு பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த நீரில் மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்யலாம்: பாகத்தைச் சார்ஜரின் எதிர்முனையிலும், சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் நீரில் நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வெளிவருவதால் இதைத் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளையும் உயர்வலு போல்ட்டுகளையும் இம்முறையில் சுத்தம் செய்யக் கூடாது. ஹைட்ரஜன் ஊடுருவி அவற்றை நொறுங்கச் செய்யும்.

ஒட்டுப் போடும் வேலை

அரித்த தகட்டை, நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். பழைய தகட்டின் மேலே புதுத் தகட்டை வைத்து மூடினால் இடையில் நீர் தங்கித் துரு தொடரும். தொடர்ந்து ஒரே கோடாக வெல்டிங் செய்யாமல், இங்கொன்றும் எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமாகச் சிறு புள்ளிகள் வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்பினால் தகடு கோணாது. மூலைகளில் உள்ளும் புறமும் இணைப்புப் பசை பூசுங்கள்.

இங்கே நீர்ப்புகா தொட்டியைப் பற்றி ஒரு முடிவெடுக்க வேண்டும். ஏறக்குறைய 6 அடி நீளமும் 4 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட தொட்டி, நீரில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் அமிழும்போதும் 200 கிலோவுக்கு மேற்பட்ட மிதப்பு விசையைப் பெறுகிறது. போர்க்காலத்தில் ஆற்றைக் கடக்க அது பயன்பட்டது. இன்று ஓடும் நீரைக் கடக்கும்போது, மிதக்கத் தொடங்கிய இலேசான டிரெய்லர் நீரோட்டத்தோடு பக்கவாட்டில் சாய்ந்து ஜீப்பின் பின்புறத்தையும் இழுக்கும். ஆகவே வடிகால் துளைகளை அடைத்துவிடாமல் திருகு மூடி போட்டு வைத்திருங்கள். ஆழமான ஓடையை நெருங்கும்போது பொருள்களை உயர்த்தி வைத்து மூடிகளைத் திறந்துவிடலாம்.

எம்416க்குப் பின்கதவு கிடையாது. பலர் முதல் வேலையாகப் பின் தகட்டை வெட்டிக் கதவு வைக்கிறார்கள். தொட்டியின் விறைப்பு நான்கு பக்கமும் மூடியிருப்பதிலிருந்துதான் வருகிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் எஞ்சிய பக்கங்கள் குண்டும் குழியுமான பாதையில் திருகிக்கொள்ளும். கட்டாயம் வேண்டுமென்றால், திறப்பைச் சுற்றிச் சதுரக் குழாயால் முழுச் சட்டம் அமைத்து, அதன் கால்களைச் சேஸிஸ் வரை இறக்கிப் பற்றவைக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள தொட்டியை வெட்டாமல், மேல்மூடியைத் திறந்து பொருள்களை எடுப்பதே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

அச்சு, ஹப், சக்கரம்

எம்416இன் மூலச் சக்கரம் 7.00-16 டயர் கொண்டது. ஹப்பில் 5 போல்ட்டுகள் 5.5 அங்குல வட்டத்தில் அமைந்தவை. பழைய சிஜே வகை ஜீப்புகளுக்கும் இதே அளவுதான். டிஜே ராங்லருக்கு 5 போல்ட் 4.5 அங்குல வட்டம், ஜேகே, ஜேஎல் ராங்லர்களுக்கு 5 போல்ட் 5 அங்குல வட்டம், டொயோட்டா வண்டிகள் பலவற்றுக்கு 6 போல்ட் 5.5 அங்குல வட்டம். டிரெய்லரும் இழுக்கும் வண்டியும் ஒரே சக்கரத்தையும் ஒரே டயரையும் பயன்படுத்தினால், ஜீப்பின் ஸ்டெப்னியே டிரெய்லருக்கும் போதும். 30 கிலோ எடை மிச்சமாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே அச்சை மாற்றுவது தகும்.

மாற்றுவதானால், டிரெய்லர் கடைகளில் எளிதில் கிடைக்கும் 3,500 பவுண்டு நேர் அச்சை எடுங்கள். அதன் ஹப்புகள் மேற்சொன்ன எல்லா போல்ட் அமைப்புகளிலும் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் உள்பக்கம் எல்68149, வெளிப்பக்கம் எல்44649 என்ற பேரிங்குகள் வரும். இவை சிற்றூர் உதிரிபாகக் கடைகளிலும் இருப்பில் இருக்கும். அச்சின் நீளத்தை, டிரெய்லர்ச் சக்கரங்கள் ஜீப்பின் சக்கரத் தடத்திலேயே உருளும்படி அளந்து வாங்க வேண்டும். மணலிலும் சேற்றிலும் ஜீப் ஏற்கெனவே அழுத்திய தடத்தில் டிரெய்லர் ஓடினால் இழுவிசை குறையும். பாறை இடுக்கில் ஜீப் நுழைந்த இடத்தில் டிரெய்லரும் நுழையும்.

மூல அச்சையே வைத்துக்கொள்வதும் மதிக்கத்தக்க முடிவுதான். பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் குழியோ சூட்டால் நீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் கிண்ணத்தோடு சேர்த்து மாற்றுங்கள். கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும்வரை நிரப்ப வேண்டும். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை ஏறக்குறைய 50 அடி-பவுண்டு வரை இறுக்கி, முழுவதும் தளர்த்தி, பின் விரலால் மட்டும் இறுக்கி, ஸ்ப்ளிட் பின் போடும் அளவுக்கு நிறுத்துங்கள். பேரிங்கை இறுக்கிவிட்டால் சூடேறி எரியும். மிகத் தளர்ந்தால் சீல் கெட்டுத் தண்ணீர் புகும்.

பழைய இராணுவ டயர்களின் கட்டமுகத் தோற்றம் அழகுதான். ஆனால் அவை ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பதில்லை. பல வண்டிகளில் இருப்பவை பத்தாண்டுகளுக்கு மேல் வெயிலில் காய்ந்தவை. அவற்றைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு புது டயர் போடுங்கள்.

ஸ்பிரிங்கும் உயரமும்

டிரெய்லரைச் சமதளத்தில் ஜீப்போடு இணைக்கும்போது தொட்டி கிடைமட்டமாக நிற்க வேண்டும். உயரத்துக்கான அளவுகோல் அது ஒன்றே. ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே அமைந்திருந்தால் அதை அச்சுக்கு மேலே மாற்றும்போது, அச்சுக் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி உயரும். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவது ஆஃப்-ரோடுக்கு ஆகாது.

உயரம் கூடக்கூடக் கவிழும் ஆபத்தும் கூடும். இரு சக்கர மையங்களுக்கிடையே 1.4 மீட்டர் உள்ள டிரெய்லரின் எடைமையம் தரையிலிருந்து 0.8 மீட்டரில் இருந்தால், அசையாமல் நிற்கும் நிலையில் அது சுமார் 41 டிகிரிப் பக்கச் சரிவில்தான் கவிழும். எடைமையம் 1.1 மீட்டருக்கு ஏறினால் அந்தக் கோணம் 32 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. ஸ்பிரிங் சாய்வும் குழியில் விழும் அதிர்ச்சியும் இதிலிருந்து இன்னும் கழியும். மேற்கூடாரத்தை விரும்புவோர் இந்தக் கணக்கைத் தம் வண்டிக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் முனையைத் தாங்கும் ஷேக்கிளின் புஷ்களையும், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டையும் புதிதாகப் போட்டு, அச்சை நேர்படுத்துங்கள். இழுவளையத்தின் மையத்திலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் அளந்தால் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும்; 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் டிரெய்லர் நண்டு போல ஒருபக்கமாக ஓடி டயரைத் தின்றுவிடும்.

ஏர்க்காலும் இணைப்பும்

இராணுவ இழுவளையமும், இழுக்கும் வண்டியில் அதைப் பற்றிக்கொள்ளும் பின்டில் கொக்கியும் முரட்டுத்தனமானவை. சேறு படிந்தாலும் இயங்கும், எந்தப் பட்டறையிலும் பழுதுபார்க்கலாம். ஆனால் வளையத்துக்கும் கொக்கிக்கும் இடையே ஆட்டம் இருப்பதால் ஒவ்வொரு குழியிலும் இடிக்கும். சாலை டிரெய்லர்களின் 2 அங்குலப் பந்து இணைப்பு அமைதியானது. எனினும் பக்கவாட்டுச் சுழற்சி குறைவாக உள்ளதால், டிரெய்லர் பாறை மேல் சாயும்போது பந்தையோ பிடியையோ முறித்துவிடும். நீண்ட தூரம் போவோருக்கு முழுச் சுற்றும் சுழலும் இணைப்புகளே ஏற்றவை: லாக் அண்ட் ரோல், மேக்ஸ் கப்ளர், ஆஸ்திரேலியர்களின் டிரெக், டிஓ35 ஆகியவை இவ்வகை. இவற்றில் டிரெய்லர் கவிழ்ந்தாலும் ஜீப்பைத் தன்னோடு புரட்டாது.

எம்416இன் ஏர்க்கால் குட்டையானது. பின்புறம் ஸ்டெப்னி தொங்கும் ஜீப்பில், கூர்மையாகத் திரும்பும்போது தொட்டியின் மூலை ஸ்டெப்னியில் இடிக்கும்; பின்னோக்கி ஓட்டும்போது டிரெய்லர் சட்டென்று மடங்கும். ஏர்க்காலை நீட்டினால் இரண்டும் தீரும். ஆனால் பழைய ஏர்க்காலின் முனையில் ஒரு துண்டை ஒட்டவைப்பது பெருந்தவறு, ஏனென்றால் வளைவு விசை மிகுதியாகும் இடத்தில் அந்த இணைப்பு நிற்க நேரிடும். கனமான செவ்வகக் குழாயைப் பழைய ஏர்க்காலுக்கு அடியில் கொடுத்து, தொட்டிக்குக் கீழே குறுக்குச் சட்டம் ஒன்றையாவது தாண்டிக் கொண்டுபோய், பக்கத் தகடுகள் வைத்துப் பற்றவையுங்கள். குழாயின் மேல், கீழ் முகங்களில் குறுக்காக வெல்டிங் கோடு போடாமல் பக்கங்களில் நீளவாக்கில் போட்டால் விரிசல் எளிதில் தோன்றாது. இந்த ஒரு வேலையை மட்டும், உங்கள் வெல்டிங் திறமையில் சிறு ஐயம் இருந்தாலும், தேர்ந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரு பாதுகாப்புச் சங்கிலிகளையும் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். இணைப்பு கழன்றால் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அவற்றின் மேல் விழும்.

பிரேக்கும் விளக்கும்

இந்த எடையுள்ள டிரெய்லருக்குப் பல மாநிலங்களில் பிரேக் கட்டாயமில்லை. எனினும் குறுகிய ஜீப், நீண்ட மலை இறக்கம், சரளைக்கல் மூன்றும் சேர்ந்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவதை உணர்ந்தவர்கள் பிரேக் இல்லாமல் போக விரும்பமாட்டார்கள். 3,500 பவுண்டு அச்சுகளில் 10 அங்குல மின்பிரேக் பொருத்த இடம் உண்டு. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டிரெய்லரை மட்டும் பிடிக்க முடிவது செங்குத்தான இறக்கத்தில் பெரும் துணை. ஏர்க்கால் அழுந்தும்போது தானாகப் பிடிக்கும் வகையோ, இறக்கம் முழுவதும் பிடித்துக்கொண்டே வந்து சூடேறும். மின்பிரேக் வைப்பவர்கள், டிரெய்லர் கழன்றால் தானே பிடிக்கும் சுவிட்சையும் அதற்குரிய சிறு பேட்டரியையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.

மூல வயரிங் 24 வோல்ட், 12 முனைப் பிளக். அதை முழுவதும் அகற்றிவிட்டு 12 வோல்ட், 7 முனைப் பிளக்குக்கு மாறுவது நல்லது. அமெரிக்க வழக்கப்படி வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்பக்க நிறுத்தமும் திருப்பமும், பச்சை வலப்பக்கத்துக்கு. 7 முனைப் பிளக்கில் நீலம் மின்பிரேக்குக்கும், கறுப்பு பேட்டரி சார்ஜுக்கும் கூடுதலாக வரும். டிரெய்லர் வயரிங் கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த்தில்தான் பிறக்கின்றன. ஆகவே இணைப்புக் கொக்கியையும் சேஸிஸையும் நம்பாமல், ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி வெள்ளைக் கம்பியைப் பிளக் வரை இழுங்கள். பழைய இராணுவ விளக்குக் கூடுகளின் தோற்றத்தை விரும்புவோர், உள்ளே 12 வோல்ட் எல்இடி பொருத்தி அவற்றையே வைத்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் வைப்பவை

கனமானவை தாழ்வாகவும் அச்சுக்கு மேலேயும் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு அச்சுக்குச் சற்று முன்னால் தொட்டித் தரையே இடம். இணைப்பின் மேல் விழும் எடை மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 550 கிலோ டிரெய்லருக்கு அது 55 முதல் 82 கிலோ. குளியலறை எடைக்கருவி ஒன்றை ஏர்க்காலுக்குக் கீழே வைத்து அளந்தாலே போதும். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்; அது வளர்ந்துவிட்டால் அடக்குவது கடினம்.

எரிவாயு சிலிண்டரை மூடிய தொட்டிக்குள் வைக்காதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் நீர்ப்புகாத இந்தத் தொட்டியின் அடியில் நீர்போலவே தேங்கி, பேட்டரியின் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஏர்க்காலின் மேல் திறந்த கூண்டில் நிமிர்த்தி நிறுத்துவதே சரி.

லித்தியம் பேட்டரியை ஜீப்பின் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைக்காமல், இடையில் டிசி-டிசி சார்ஜர் வைத்து, பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போடுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். குளிர் மலைகளுக்குப் போவோர் அத்தகைய குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் வகையை வாங்க வேண்டும். கூடாரம் உண்டென்றால் அதன் எடை மூடியின் கீல்களில் இறங்காமல், தனிக் கால்கள் வழியாகச் சேஸிஸில் இறங்கும்படி சட்டம் அமையட்டும்.

பெயிண்ட்

எப்பாக்ஸி பிரைமர், அதன் மேல் நிறம், தொட்டியின் உள்ளே தடித்த பாலியூரித்தேன் பூச்சு என்பது போதுமானது. பழைய ஆலிவ் பச்சையைத் தேடுவோருக்கு அமெரிக்க அரசு வண்ண எண் எஃப்எஸ் 24087 அரைப்பளபளப்பையும், 34087 பளபளப்பற்றதையும் தரும். 1980களுக்குப் பிந்தைய மூவண்ண உருமறைப்பில் வரும் பச்சை 34094. பளபளப்பற்ற பெயிண்டில் கீறல் விழுந்தால் பிரஷ்ஷால் தொட்டு மறைத்துவிடலாம் என்பதால், முட்செடிகளுக்கு நடுவே போகும் வண்டிக்கு அதையே பரிந்துரைப்பேன். இரு கலவைப் பெயிண்டைத் தெளிக்கும்போது சாதாரண முகமூடி போதாது. அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லையென்றால் அந்த வேலையைப் பெயிண்ட் கடையிடம் விட்டுவிடுங்கள்.

வெள்ளோட்டம்

முதலில் காலியாக 20, 30 கிலோமீட்டர் சாலையில் ஓட்டி, நிறுத்தி, புறங்கையால் ஹப்புகளைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் உரசுகிறது. 80 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். பிறகு மணல் மூட்டைகளை, உங்கள் எடைக் கணக்கில் எழுதிய அளவுக்கு, எழுதிய இடங்களிலேயே அடுக்கி மண்பாதையில் இழுத்துப் பாருங்கள். விலையுயர்ந்த பொருள்களோடு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

முதல் உண்மைப் பயணம் முடிந்து வந்ததும் ஏர்க்கால் வெல்டிங், ஸ்பிரிங் தாங்கிகள், ஷாக் அப்சார்பர் காதுகள் ஆகியவற்றைக் கழுவித் துடைத்து விளக்கொளியில் பாருங்கள். பெயிண்டில் மெல்லிய துருக்கோடு தென்பட்டால் அதன் கீழே விரிசல் தொடங்கியிருக்கக்கூடும். ஆழமான நீரைக் கடந்திருந்தால் ஹப் மூடியையும் திறந்து பார்க்க வேண்டும். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலைத் தாண்டி நீரை உள்ளிழுக்கும். கிரீஸ் பால்நிறமாகத் திரிந்திருந்தால் அதை முழுவதும் கழுவி, பேரிங்கை உலர்த்தி, புதுக் கிரீஸும் புது சீலும் போட்ட பிறகே அடுத்த பயணத்துக்கு வண்டியை எடுக்கலாம்.